அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கோச் மாறும்போது: புதிய ரசிகருக்கு ஒரு வழிகாட்டி

மார்ச் மாதம் நடக்கும் என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டியைப் பார்த்து அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பக்கம் வந்தவர்கள் நம்மில் பலர். அங்கே படிக்கப் போன பிள்ளைகளும், அவர்கள் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்து ஊரிலிருந்தே அந்தக் கல்லூரிக்கு ரசிகர்களாகிவிட்ட பெற்றோரும் இதில் உண்டு. ஆட்டம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். சீசன் முடிந்தபின் நடப்பதுதான் பிடிபடாது. 2013-இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் கோச் பென் ஹவ்லண்ட் தன் கான்ஃபரன்ஸில் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்) முதலிடம் பிடித்தார். அதே மாதம் வேலையை இழந்தார். அதே சமயத்தில் இன்னொரு ஊரில், தேசியப் போட்டிக்குள் எப்படியோ நுழைந்து ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த கோச்சைக் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். இதில் என்ன நியாயம் என்று புதியவருக்குத் தலை சுற்றும்.

கிரிக்கெட்டில் கோச் யாரென்றே தெரியாமல் பல வருடம் ஆட்டம் பார்க்கலாம். இங்கே அது நடக்காது. வீரர்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள்; நல்ல வீரர் ஒரே வருடத்தில் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போய்விடுவார். நிலைத்து நிற்கும் முகம் கோச்சுடையது. அதனால் ஒரு ஊரின் ஆசை, கோபம் எல்லாம் அவர் தலையில்தான் இறங்கும். அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியத் தொடங்கும். நான் பார்த்தவரை, அது ஊரின் பழைய நினைவிலிருந்துதான் வருகிறது. இந்த வழிகாட்டியை அந்த அடிப்படையில்தான் எழுதுகிறேன். ஆண்கள் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு

மேல்மட்டமான ‘டிவிஷன் 1’ பிரிவில் 360-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. அவை முப்பது சொச்சம் கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்திருக்கின்றன. பிக் டென், எஸ்.இ.சி., ஏ.சி.சி., பிக் 12, பிக் ஈஸ்ட் ஆகிய ஐந்தும் பெரியவை. நவம்பர் தொடக்கத்தில் சீசன் ஆரம்பம். ஏப்ரல் முதல் வாரவாக்கில் இறுதி ஆட்டம். மார்ச் நடுவில் ஒரு ஞாயிறு மாலை, தேசியப் போட்டிக்குத் தேர்வான அணிகளை அறிவிப்பார்கள். 2011-இலிருந்து 68 அணிகள் என்பது கணக்கு. கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு நேரடி இடம் உண்டு. மீதியை ஒரு குழு தேர்ந்தெடுக்கும். அதன்பின் எல்லாம் நாக் அவுட். 16 அணிகள் மிஞ்சும் கட்டம் ஸ்வீட் சிக்ஸ்டீன். நான்கு மிஞ்சினால் ஃபைனல் ஃபோர்.

அணி வெளியேறிய மறுநாளே கோச்சின் வேலை பற்றிய செய்திகள் கிளம்பிவிடும். மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து ஏப்ரல் கடைசி வரை இதற்கென்றே ஒரு சீசன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: அரங்கின் கூரையைப் பாருங்கள்

உங்கள் அணியின் இந்த வருட வெற்றி தோல்வியைப் பார்ப்பதற்கு முன் அரங்கின் கூரையில் என்னென்ன பதாகைகள் தொங்குகின்றன, அவற்றில் என்ன வருடம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இந்தியானா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். ப்ளூமிங்டன் ஊரில் இருக்கும் அசெம்பிளி ஹாலில் 17,000-க்கும் மேற்பட்டோர் உட்காரலாம். இருபக்கமும் இருக்கைகள் செங்குத்தாக ஏறிக்கொண்டே போகும். கூடைகளுக்குப் பின்னால் இருக்கைகள் குறைவு. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடும் கால்சட்டையோடு வீரர்கள் பயிற்சிக்கு ஓடிவருவார்கள். அரங்கின் ஒரு முனையில் ஐந்து சாம்பியன் பதாகைகள்: 1940, 1953, 1976, 1981, 1987. கடைசி மூன்றும் பாப் நைட் காலத்தவை. 1976-இல் அவருடைய அணி 32 ஆட்டங்கள் ஆடி 32-ஐயும் ஜெயித்தது. அதற்குப் பிறகு ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வாங்கிய ஆண்கள் அணி கிடையாது.

இப்போது அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மாணவரை நினைத்துப் பாருங்கள். ஐந்தாவது பதாகை ஏறியபோது அவர் பிறக்கவே இல்லை. அவருடைய அப்பா அம்மாவே பள்ளிப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். ஆனாலும் அந்த 1987 அவருடைய சொந்த நினைவு மாதிரியே ஆகிவிட்டது. வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்த கதை அது. ஆகவே இந்தியானாவுக்கு வரும் ஒவ்வொரு கோச்சும் எதிர் அணியோடு மட்டும் மோதுவதில்லை, பாப் நைட்டோடும் மோத வேண்டியிருக்கிறது.

2000 செப்டம்பரில் நைட்டைப் பல்கலைக்கழகம் நீக்கியது. அவருடைய நடத்தை பற்றிய புகார்கள் குவிந்தபின் எடுத்த முடிவு; மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவருக்குப் பின் வந்த மைக் டேவிஸ் 2002-இல் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோய் மேரிலண்டிடம் தோற்றார். அதுவும் ஊருக்குப் போதவில்லை, 2006-இல் விலகினார். கெல்வின் சாம்ப்சன் விதிமீறல் புகாரில் 2008-இல் வெளியேறினார். டாம் க்ரீன் முதல் சீசனில் 6 ஆட்டங்கள்தான் ஜெயித்தார். அங்கிருந்து அணியைத் தூக்கி நிறுத்தி 2013-இலும் 2016-இலும் பிக் டென் பட்டம் வாங்கினார். 2017-இல் அவரையும் அனுப்பினார்கள். ஆர்ச்சி மில்லர் நான்கு வருடம் இருந்தார். ஒருமுறைகூட தேசியப் போட்டியில் ஆடவில்லை (2020-இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை). நைட்டிடம் ஆடிய மைக் உட்சன் 2021-இல் வந்தார், 2025-இல் போனார். பிறகு டேரியன் டெவ்ரீஸ் வந்தார்.

இந்த வரிசையில் எனக்கு மனம் வலிப்பது க்ரீன் கதைதான். தரைமட்டமான அணியை எடுத்து, இரண்டு தடவை அந்தப் பெரிய கான்ஃபரன்ஸில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அவரை அனுப்பியதற்குப் பிந்தைய வருடங்களைப் பார்த்தால், அவசரப்பட்டது தெளிவாகத் தெரிகிறது.

யு.சி.எல்.ஏ. கதை இன்னும் கனமானது. ஜான் வுடன் 1964 முதல் 1975 வரையிலான 12 வருடங்களில் 10 பட்டங்கள் வாங்கினார். 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு. அவர் ஓய்வு பெற்றபின் ஜீன் பார்ட்டோ வந்தார். இரண்டு சீசன்களில் 52 வெற்றி, 9 தோல்வி. முதல் வருடமே ஃபைனல் ஃபோர். அங்கே அவரைத் தோற்கடித்தது நாம் மேலே சொன்ன அந்த 1976 இந்தியானா அணி. இருந்தும் விமர்சனம் தாங்காமல், அப்போதுதான் அணியே தொடங்கிக்கொண்டிருந்த அலபாமா-பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அடுத்து வந்த கேரி கன்னிங்ஹாம் இரண்டு சீசன்களில் 50 வெற்றி, 8 தோல்வி, அவரும் விலகினார். வுடனுக்குப் பின் இந்த அரை நூற்றாண்டில் யு.சி.எல்.ஏ. வாங்கியது ஒரே பட்டம், 1995-இல்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வுடன் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1948-இல். முதல் பட்டம் வந்தது 1964-இல். பதாகைகளைப் பார்க்கும்போது அவை வருவதற்கு முந்தைய பதினைந்து சீசன்கள் கண்ணில் படுவதில்லை.

ஆகவே உங்கள் கல்லூரிக்கு நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: பட்டம் வாங்கிய வருடங்கள், கடைசியாக ஃபைனல் ஃபோர் போன வருடம், கடந்த இருபது வருடத்தில் தேசியப் போட்டிக்கு எத்தனை முறை தேர்வானது, எத்தனை கோச்சுகள் மாறினார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பட்டங்களுக்கும் கடந்த இருபது வருடத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு பெரிதோ, அங்கே ரசிகர்களின் கோபமும் அவ்வளவு பெரிதாக இருக்கும்.

இரண்டாம் படி: உங்கள் அணி எந்தப் படிக்கட்டில் நிற்கிறது?

எல்லாக் கல்லூரிக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. கென்டக்கி, டியூக், கேன்ஸஸ், வட கரோலினா போன்ற இடங்களில் தேசியப் போட்டிக்குப் போவதை யாரும் சாதனையாகவே எண்ண மாட்டார்கள். அங்கே பேச்சு ஃபைனல் ஃபோரிலிருந்துதான் தொடங்கும். பெரிய கான்ஃபரன்ஸின் நடுத்தர அணிக்குப் போட்டிக்குள் நுழைவதே நல்ல வருடம். சிறிய கான்ஃபரன்ஸ் அணிக்கோ தன் கான்ஃபரன்ஸ் பட்டமே எல்லாம். அதைத் தாண்டி ஒரு பெரிய அணியை வீழ்த்திவிட்டால் ஊர் பல வருடம் அதைப் பேசும்.

சிறிய கல்லூரி ரசிகர்களுக்கு ஒரு தனி வேதனை உண்டு: கோச் நன்றாகச் செய்தால் போய்விடுவார். வி.சி.யு. என்ற கல்லூரியை 2011-இல் ஃபைனல் ஃபோருக்குக் கொண்டுபோன ஷாக்கா ஸ்மார்ட் 2015-இல் டெக்ஸஸ் போனார். லயோலா சிகாகோவை 2018-இல் கொண்டுபோன போர்ட்டர் மோசர் 2021-இல் ஓக்லஹோமா போனார். ஃப்ளோரிடா அட்லாண்டிக்கை 2023-இல் கொண்டுபோன டஸ்டி மே அடுத்த வருடமே மிச்சிகன் போனார். பட்லரை 2010, 2011 என இரண்டு வருடம் தொடர்ந்து இறுதி ஆட்டத்தில் நிறுத்திய பிராட் ஸ்டீவன்ஸை என்.பி.ஏ.வின் பாஸ்டன் செல்டிக்ஸ் கொண்டுபோனது. 1999 முதல் கொன்ஸாகாவிலேயே இருக்கும் மார்க் ஃபியூ விதிவிலக்கு. அப்படி ஒருவர் உங்கள் கல்லூரிக்குக் கிடைத்தால் அந்த அருமையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

“ஏன் இன்னும் இவரை அனுப்பவில்லை?” என்று ரசிகர்கள் கேட்கும்போது பதில் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் இருக்கும். அதில் பை-அவுட் என்று ஒரு தொகை உண்டு. காலம் முடியும் முன் கல்லூரி கோச்சை அனுப்பினால் கல்லூரி கட்ட வேண்டியது ஒன்று. கோச்சே வேறு இடத்துக்குப் போனால் அவர் தரப்பு, அதாவது நடைமுறையில் புதிய கல்லூரி, கட்ட வேண்டியது இன்னொன்று. இரண்டும் வருடாவருடம் குறைந்துகொண்டே வரும்படி எழுதுவது வழக்கம். குறைகிற தேதி எதுவென்று பாருங்கள். பல முடிவுகள் அந்தத் தேதிக்காகக் காத்திருக்கும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஒப்பந்தம் பெரும்பாலும் பொதுப் பார்வைக்குக் கிடைக்கும். உள்ளூர்ப் பத்திரிகைகள் முக்கியப் பகுதிகளைப் போட்டுவிடுவார்கள்.

ஆர்ச்சி மில்லரை அனுப்ப இந்தியானாவுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் தேவைப்பட்டது. தனியார் நன்கொடையாளர்கள் கொடுத்தார்கள். லூயிவில் கென்னி பெய்னை அனுப்பியபோது சுமார் 80 லட்சம் டாலர். ஆக, முடிவெடுப்பவர் விளையாட்டுத் துறை இயக்குநர் என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும், பணப்பையைத் திறப்பவர்களின் மனசு என்ன சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நான்காம் படி: ஒரு மாற்றத்தை முழுசாகப் பின்தொடருங்கள்

கோச் மாற்றம் எப்படி நடக்கும் என்பதைப் படிக்க 2024 கென்டக்கியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஜான் கலிப்பாரி 2009-இல் அங்கே வந்தவர். 2012-இல் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அது கென்டக்கியின் எட்டாவது. ஒரு வருடம் மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டு என்.பி.ஏ. போகும் இளம் நட்சத்திரங்களை வைத்தே அணி கட்டினார். 2019-இல் பத்து வருடத்துக்கு 8.6 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அதன்பின் சரிவு. 2021-இல் 9 வெற்றி, 16 தோல்வி. 2022-இல், பலரும் பெயர்கூடக் கேள்விப்படாத செயின்ட் பீட்டர்ஸ் முதல் சுற்றிலேயே வெளியேற்றியது. 2024 மார்ச்சில் மிச்சிகனிலிருந்து வந்த ஓக்லண்ட் பல்கலைக்கழகம் 80-76 என்று தோற்கடித்தது. ஜாக் கோல்க்கி என்ற வீரர் அந்த ஆட்டத்தில் பத்து மூன்று-புள்ளி ஷாட்டுகள் போட்டார்.

ஊரே கொதித்தது. ஆனால் கலிப்பாரியை நீக்க 3.3 கோடி டாலருக்கு மேல் தேவை. சில நாளில் இயக்குநர் மிட்ச் பார்ன்ஹார்ட், கலிப்பாரியே தொடர்வார் என்று அறிவித்தார். (இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் அதை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள்.) ஏப்ரல் இரண்டாம் வாரம் கலிப்பாரி தானாகவே ஆர்கன்ஸாஸுக்குக் கிளம்பினார். அவரை அனுப்பக் கட்ட வேண்டியிருந்த அந்தப் பெரிய தொகையைக் கென்டக்கி கட்ட வேண்டியதே இல்லாமல் போனது.

அடுத்த சில நாட்கள் ரசிகர்கள் பெரிய பெயர்களாக அடுக்கினார்கள். அப்போதுதான் இரண்டாவது பட்டத்தைத் தொடர்ச்சியாக வென்றிருந்த யுகானின் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) கோச் டான் ஹர்லி, பெய்லரின் கோச் ஸ்காட் ட்ரூ என்று பேச்சு ஓடியது. இருவரும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். கடைசியில் வந்த பெயர் மார்க் போப். யூட்டா மாநிலத்தின் பி.ஒய்.யு. பல்கலைக்கழகத்தின் கோச், தலைமைக் கோச்சாகத் தேசியப் போட்டியில் அதுவரை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காதவர். பெயர் கசிந்த இரவு ஏமாற்றமும் கோபமும்தான்.

ஆனால் போப் 1996-இல் பட்டம் வாங்கிய கென்டக்கி அணியின் கேப்டன்களில் ஒருவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை அறிமுகப்படுத்த கென்டக்கியின் அரங்கமான ரப் அரினாவைத் திறந்தார்கள். இருபதாயிரம் பேர் கொள்ளும் அரங்கம் நிரம்பியது. அரங்குக்குள் ஒரு பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து போப் 1996 கோப்பையைக் கையில் ஏந்தியபடி பழைய கூட்டாளிகளோடு இறங்கினார். இரண்டு நாள் முன்பு திட்டியவர்கள் எழுந்து நின்று கண்ணீர் விட்டார்கள். ஊர் தன் நினைவோடு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் தருணம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள்.

முந்தைய வருட ஸ்காலர்ஷிப் வீரர் ஒருவர்கூட இல்லாமல் போப் புது அணி கட்டினார். நவம்பரில் டியூக்கை 77-72 என்று ஜெயித்தார்கள். பிப்ரவரி முதல் தேதி கலிப்பாரி ஆர்கன்ஸாஸோடு ரப் அரினாவுக்குத் திரும்பினார். கூச்சலுக்கு நடுவே 89-79 என்று ஜெயித்துவிட்டும் போனார். மார்ச்சில் இரண்டு அணிகளுமே ஸ்வீட் சிக்ஸ்டீன் வரை போய் நின்றன. கென்டக்கிக்கு 2019-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. என் பார்வையில் இந்தப் பிரிவு இரண்டு தரப்புக்கும் நல்லதாகவே முடிந்தது. பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்து சலித்துப்போனவர்களை ஒரு மாற்றம் பிழைக்க வைத்தது.

ஐந்தாம் படி: “நம்ம பையன்” என்றால் மயங்காதீர்கள்

போப் கதையைக் கேட்டதும், பழைய வீரரையே கோச்சாகக் கூட்டிவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். ரசிகர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கென்னி பெய்ன் 1986-இல் பட்டம் வாங்கிய லூயிவில் அணியில் ஆடியவர். 2022-இல் அவரை ஊரே வரவேற்றது. முதல் சீசனில் 4 வெற்றி, 28 தோல்வி. இரண்டாவதில் 8 வெற்றி, 24 தோல்வி. ஜார்ஜ்டவுனுக்கு பேட்ரிக் யூயிங்கைவிடப் பெரிய பெயர் கிடையாது. 1984-இல் அந்தக் கல்லூரி பட்டம் வாங்கியதே அவரை மையமாக வைத்துத்தான். கோச்சாக வந்து 2021-இல் பிக் ஈஸ்ட் போட்டியை ஜெயித்தார், அடுத்த வருடம் கான்ஃபரன்ஸில் ஆடிய 19 ஆட்டங்களையும் தோற்றார், 2023-இல் நீக்கப்பட்டார். உட்சன் கதையைப் பார்த்தோம். மறுபக்கம், வட கரோலினாவில் படித்து அங்கேயே உதவிக் கோச்சாக இருந்த ராய் வில்லியம்ஸ் 2003-இல் திரும்பி வந்து மூன்று பட்டங்கள் வாங்கினார். ஆனால் அவர் கேன்ஸஸில் பதினைந்து சீசன்கள் தலைமைக் கோச்சாக நிரூபித்துவிட்டு வந்தவர். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. யூயிங்கும் பெய்னும் உட்சனும் அதற்கு முன் கல்லூரி அணி ஒன்றுக்குத் தலைமைக் கோச்சாக ஒரு சீசன்கூட இருந்ததில்லை.

புதிய கோச் அறிவிப்பு வந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: இதற்கு முன் தலைமைக் கோச்சாக எங்கே இருந்தார், அங்கே அவர் வந்தபோது அணி எந்த நிலையில் இருந்தது, விட்டுப் போகும்போது எந்த நிலையில் இருந்தது? பிறந்த ஊரும் படித்த கல்லூரியும் அதற்குப் பிறகு.

ஆறாம் படி: போர்ட்டலைக் கவனியுங்கள்

பத்து வருடம் முன்பு எழுதியிருந்தால் “நான்கு வருடம் பொறுங்கள்” என்று சொல்லி முடித்திருக்கலாம். இன்று அது செல்லாது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பர வருமானம் பெறலாம், இதை என்.ஐ.எல். என்பார்கள். அதே வருடம் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது; 2024-இல் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஓர் உடன்படிக்கைப்படி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்; முதல் வருடத்துக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர் உச்சவரம்பு.

இதன் விளைவு: கோச் போனால் அணியும் கலைகிறது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்னும் பட்டியலில் வீரர்கள் பெயர் கொடுக்கத் தொடங்குவார்கள். முதல் முறை பார்க்கும்போது, பிடித்த வீரர்கள் ஒவ்வொருவராகப் போவதைக் கண்டு பதறிப்போவீர்கள். பதற வேண்டாம், எண்ணிக்கையைப் பாருங்கள். யார் தங்கினார்கள், பழைய கல்லூரியிலிருந்து கோச்சோடு யார் வந்தார்கள், பெரிய கான்ஃபரன்ஸில் ஏற்கெனவே ஆடித் தேறியவர்கள் எத்தனை பேர் கிடைத்தார்கள் என்று மே மாதக் கடைசியில் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். அடுத்த சீசனைப் பற்றி அதைவிட அதிகம் சொல்லும் தகவல் வேறில்லை.

லூயிவில்லில் பெய்னுக்குப் பின் வந்த பேட் கெல்சி ஏறக்குறைய முழு அணியையும் புதிதாகக் கட்டினார். இரண்டு சீசன்களில் மொத்தம் 12 ஆட்டங்கள் ஜெயித்திருந்த கல்லூரி, அவருடைய முதல் சீசனிலேயே 27 ஆட்டங்கள் ஜெயித்தது. மிச்சிகனும் அப்படித்தான்: முந்தைய வருடம் 8 வெற்றி, டஸ்டி மே வந்ததும் 27. இப்படி இரண்டு மூன்று இடத்தில் நடந்துவிட்டால் மற்ற ஊர்க்காரர்களும் “அவர்களால் முடிந்தது, நம்மால் ஏன் முடியாது?” என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதனால் கோச்சுகளும் களைத்துப்போகிறார்கள். 2019-இல் வர்ஜீனியாவுக்குப் பட்டம் வாங்கித் தந்த டோனி பென்னட், 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ஓய்வு பெற்றார். புதிய சூழலுக்குத் தான் பொருத்தமான ஆள் இல்லை என்று அவரே சொன்னார். ஆட்டத்தை நேசிப்பவர்களுக்கு அது பெரிய இழப்பு.

ஏழாம் படி: ஒரு மார்ச் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

பென்னட்டின் கதையிலேயே இதற்கும் பாடம் இருக்கிறது. 2018-இல் போட்டியிலேயே முதல் இடத்தில் நிறுத்தப்பட்டிருந்த வர்ஜீனியா, தன் பகுதியின் கடைசியான 16-ஆம் இடத்தில் நிறுத்தப்பட்டிருந்த யு.எம்.பி.சி. என்ற கல்லூரியிடம் 74-54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. அந்த இரவில் வாக்கெடுத்திருந்தால் எத்தனை பேர் அவரை அனுப்பச் சொல்லியிருப்பார்கள்! அடுத்த வருடமே பட்டம்.

நாக் அவுட்டில் நாற்பது நிமிடம்தான். எதிராளி ஒருவருக்குக் கை சூடாகிவிட்டால் தீர்ந்தது. அதனால் சீசன் முழுக்கக் கணக்கு வைத்திருக்கும் அளவுகளைப் பாருங்கள். வானிலைத் துறையில் வேலை பார்த்த கென் பொமராய் தொடங்கிய கென்பாம் பட்டியல், நூறு முறை பந்து கைக்கு வந்தால் ஓர் அணி எத்தனை புள்ளி எடுக்கிறது, எத்தனை கொடுக்கிறது என்று எதிராளியின் பலத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. தேர்வுக் குழு பயன்படுத்துவது நெட் என்ற பட்டியல். அதில் “குவாட் ஒன்” வெற்றிதான் பெரிது: சொந்த அரங்கில் முதல் 30-க்குள் இருக்கும் அணியை, பொது இடத்தில் முதல் 50-க்குள் இருப்பதை, எதிராளி ஊரில் முதல் 75-க்குள் இருப்பதை ஜெயித்தால் அந்தக் கணக்கில் சேரும். கோச்சின் ஒவ்வொரு சீசன் முடிவிலும் கென்பாம் இடத்தைக் குறித்து வையுங்கள். அது ஏறிக்கொண்டு இருக்கும்போது மார்ச்சில் ஒரு தோல்வி வந்தால் பொறுக்கலாம். இறங்கிக்கொண்டே இருக்கும்போது மார்ச்சில் ஓர் அதிர்ஷ்ட வெற்றி வந்தால் அதை நம்ப வேண்டாம்.

எண்களும் எல்லாம் சொல்லிவிடாது. டியூக்கில் மைக் ஷஷெஃப்ஸ்கி இரண்டாவது சீசனில் 10 வெற்றி, 17 தோல்வி; மூன்றாவதில் 11 வெற்றி, 17 தோல்வி. அந்தச் சீசனின் கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியா 109-66 என்று நொறுக்கியது. பணம் கொடுப்பவர்கள் நீக்கச் சொன்னார்கள். இயக்குநர் டாம் பட்டர்ஸ் நீக்க மறுத்ததோடு, 1984-இல் ஒப்பந்தத்தையும் நீட்டித்தார். பின்னால் வந்தது ஐந்து பட்டங்கள். பட்டர்ஸ் கண்ணில் பட்டது என்ன? ஷஷெஃப்ஸ்கியின் மூன்றாம் சீசனில் சேர்ந்த முதலாண்டு வீரர்கள். அடி வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பையன்கள்தான் 1986-இல் கடைசி வருட மாணவர்களாக இறுதி ஆட்டம் வரை போனவர்கள்.

எவ்வளவு காலம் கொடுக்கலாம்?

என் கணக்கைச் சொல்கிறேன். முதல் சீசனில் வெற்றி எண்ணிக்கையைவிட, நவம்பரில் ஆடியதற்கும் பிப்ரவரியில் ஆடியதற்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்ப்பேன். இரண்டாம் சீசனில் தேசியப் போட்டிக்கான பேச்சிலாவது அணியின் பெயர் வர வேண்டும். மூன்றாம் சீசனிலும் வராவிட்டால் மாற்றம் கேட்பதில் தவறில்லை. வில்லனோவா கைல் நெப்டியூனுக்கு அந்த மூன்று வருடத்தைத்தான் கொடுத்தது; இரண்டு பட்டங்கள் வாங்கிய ஜே ரைட்டுக்குப் பின் வந்தவர் என்பதால் அவர்மேல் பாரம் அதிகம். ஆனால் ஃப்ளோரிடாவின் டாட் கோல்டன் முதல் சீசனில் 16 வெற்றி, 17 தோல்வி. மூன்றாவதில், 2025-இல், தேசிய சாம்பியன். மூன்று வருடம் என்பதில் இரண்டு முடிவுக்கும் இடம் இருக்கிறது.

பேச்சு நடக்கும் இடத்தில் எப்படி இருப்பது

வதந்தி மாதத்தில் ரசிகர்கள் தனி விமானங்கள் எங்கிருந்து எங்கே பறக்கின்றன என்றுகூடப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பதற்குச் சுவாரஸ்யமாக இருக்கும், நம்பத் தேவையில்லை. பல சமயம் ஒரு கோச்சின் ஏஜென்ட்டே, இருக்கும் இடத்தில் சம்பளம் உயர்த்திக்கொள்ளப் பெயரைக் கிளப்பிவிடுவதும் உண்டு. கல்லூரி அறிவிப்பு வரும் வரை எதையும் செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அணியோடு தினமும் இருக்கும் உள்ளூர் நிருபர்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்து அவர்களைத் தொடருங்கள், போதும்.

அரங்கில் பக்கத்து இருக்கையில் எழுபது வயதுக்காரர் இருந்தால் அவரிடம் பேசுங்கள். கோச் பற்றி வாதம் பண்ணுவதைவிட, அவர் பார்த்ததிலேயே நல்ல அணி எது என்று கேளுங்கள். அவர் சொல்லும் வருடம் அந்தத் தாளில் நீங்கள் எழுதியதோடு பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இது மட்டும் கண்டிப்பாக. மைதானத்தில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். சம்பாதிக்கிறார்கள் என்பதற்காக அவர்களுடைய கணக்கில் போய் வசை எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. கோச்சின் தேர்வை, ஆட்டத் திட்டத்தை, ஒப்பந்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சியுங்கள். அவருக்கு அதற்குத்தான் சம்பளம். தவறவிட்ட ஃப்ரீ த்ரோவுக்காக ஒரு மாணவனை விரட்டாதீர்கள்.

இந்த வருடமே தொடங்க வேண்டுமானால், உங்கள் கல்லூரியோடு சேர்த்து, கோச் மாறிய இன்னொரு கல்லூரியையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். டெவ்ரீஸின் இந்தியானாவை நான் சிபாரிசு செய்வேன். நைட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்; டிரேக் என்ற சிறிய கல்லூரியை மூன்று முறை தேசியப் போட்டிக்குக் கொண்டுபோய், மேற்கு வர்ஜீனியாவில் ஒரு வருடம் இருந்துவிட்டு, தன் மகனையும் அணியில் சேர்த்துக்கொண்டு வந்தவர். நவம்பர், ஜனவரி, மார்ச் என்று மூன்று தடவை அவருடைய அணியின் கென்பாம் இடத்தைக் குறித்து வையுங்கள். பிக் டென் ஆட்டங்கள் மும்முரமாவது ஜனவரியில். அப்போது, அதே மாநிலத்தின் பரம எதிரியான பர்ட்யூவோடு ஆடும் ஆட்டம் எது என்று அட்டவணையில் பார்த்து, அதை மட்டுமாவது முழுசாகப் பாருங்கள்.